திங்கட்கிழமை மூடிய கடை

என் மகள் கீலிக்கு வாய் அதிகம். எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டாம், என்னிடமிருந்துதான். இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி என்ற ஊரில் பன்னிரண்டு வருடமாகப் பெண்களுக்கு முடி வெட்டும் சலூன் நடத்துகிறேன். போன வருஷம் வரை யாரிடமும் 'என் மேல்தான் தப்பு' என்று சொன்னதில்லை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் இப்படித்தான்.

அவளுக்குக் கேம்பிரிட்ஜில் பொருளாதாரம் படிக்க வேண்டும். டிசம்பரில் நேர்காணல். பள்ளியில் ஹாலம் என்ற ஆசிரியர் ஒத்திகை மாதிரி ஒன்று நடத்திப் பார்த்துவிட்டு என்னை வரச் சொன்னார். பாடமெல்லாம் தெரிகிறது, ஆனால் தப்பைச் சுட்டிக்காட்டினாலும் பிடித்த பிடியை விட மாட்டேன் என்கிறாள் என்றார். நேர்காணலில் வேண்டுமென்றே மடக்குவார்களாம். மாற்றி யோசிக்கத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்களாம். இப்படியே போனால் இடம் கிடைக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது என்னைப் போலவே இருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது.

திங்கட்கிழமை எங்கள் ஊரில் சலூன் திறக்கிற வழக்கமில்லை. அதனால் பள்ளி விட்டதும் கடையிலேயே பயிற்சி. அவள் நாற்காலியில், நான் பின்னால் ஹாலம் கொடுத்த கேள்வித்தாளோடு. கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துத்தான் பேச்சு. பஸ்ஸை இலவசமாக்கினால் எல்லோருக்கும் நல்லதா என்று கேட்டேன். நல்லதுதான் என்று ஐந்து காரணம் அடுக்கினாள். நடந்து போகிறவர்களும் ஏறிக்கொண்டால் வேலைக்குப் போகிறவளுக்கு இடம் எங்கே என்று கேட்டேன். யாரும் அப்படி ஏற மாட்டார்கள் என்று சாதித்தாள். மூன்று வாரம் இதே கூத்து.

நான்காவது திங்களன்று எனக்குப் பொறுமை போய்விட்டது.

"தெரியலன்னு ஒரு வார்த்த சொன்னா கிரீடம் கழண்டு விழுந்துடுமாடி?"

"நீ சொல்லு பாப்போம். திங்கக்கெழம ஏன் கடைய மூடுற?"

"திங்கக்கெழம யாரும் வர மாட்டாங்க."

"மூடி வெச்ச கடைக்கு யாரும் வர மாட்டாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சுர்ரென்று கோபம் வந்தது எனக்கு. நான் தொழில் பழகிய கடையில் அப்படித்தான், ஊரே அப்படித்தான், நேற்றுப் பிறந்தவள் நீ எனக்குச் சொல்லித் தருகிறாயா என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே யாரோ கதவைத் தட்டினார்கள். அடுத்த தெரு ஆக்டன் அம்மாள். இன்றைக்குக் கடை உண்டா என்று கேட்டார். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டுத் திரும்பினேன். போன வாரமும் ஒருத்தியை இப்படித்தான் அனுப்பினேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கண்ணாடியில் கீலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றோடு பயிற்சி முடிந்திருக்கும்.

"தெரியல," என்றேன். "நான் ஒரு நாளும் தெறந்து பாத்ததே இல்ல. என் மேலதான் தப்பு."

அவள் பஸ் கேள்வியை இன்னொரு தடவை கேட்கச் சொன்னாள்.

நேர்காணலும் ஒரு திங்கட்கிழமைதான் வந்தது. கம்ப்யூட்டரில். வீட்டில் இணையம் அடிக்கடி அறுந்துபோகும் என்பதால் சலூனிலேயே உட்கார வைத்தேன். நான் பின்னறையில் சத்தமில்லாமல் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். முதலில் கடகடவென்று பதில் சொன்னாள். அப்புறம் கேள்வி கேட்ட பெண்மணி நடுவில் குறுக்கிட்டு ஏதோ சொன்னார். கீலி சண்டைக்கு நிற்கப்போகிறாள், எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"அது எனக்குத் தோணவே இல்ல. நான் சொன்னது தப்பு. முதல்லேர்ந்து பாக்கட்டுமா?" என்றாள்.

மடித்த துண்டையே பிரித்துப் பிரித்து மடித்தேன்.

புது வருஷத்திலிருந்து திங்கட்கிழமையும் கடையைத் திறந்தேன். முதல் வாரம் ஆக்டன் அம்மாள் வந்தார். அதற்கப்புறம் ஒரு ஈ காக்காய் இல்லை. ஜனவரி கடைசித் திங்களன்று காலி நாற்காலியில் நானே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது கீலி பள்ளியிலிருந்து ஓடி வந்து போனை நீட்டினாள். இடம் கொடுத்துவிட்டார்கள், கோடைப் பரீட்சையில் அவர்கள் கேட்ட மார்க் வந்தால் போதும். கட்டிப்பிடித்துக்கொண்டு இருவரும் அழுதோம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கடையைச் சுற்றிப் பார்த்தாள்.

"நான் சொன்னது தப்பும்மா. திங்கக்கெழம யாரும் வரல. மூடிடு."

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள் இப்போது.

"வேணாம், தெறந்தே இருக்கட்டும்," என்றேன். "அக்டோபர்ல நீ போயிட்டா திங்கக்கெழம நான் வீட்டுல யார்கூடடி சண்ட போடுறது?"