லைட்டு பத்தல

1938ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் தேதி, புதன்கிழமை, மாலை ஏழு மணியளவில், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் கூட்டேரிப்பட்டுக்குத் தெற்கே சிறிய லாரி ஒன்று புளியமரத்தில் உரசியது. இடதுபக்க மட்கார்டு நசுங்கியது. வண்டி காலியாக இருந்தது. யாருக்கும் காயம் இல்லை.

இரண்டு மாதத்துக்குள் அது மூன்றாவது தடவை. முதல் தடவை மதகுச் சுவரின் மூலை பெயர்ந்தது. அடுத்த தடவை, பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், வைக்கோல் வண்டி ஒன்றின் பின்பக்கம் இடிபட்டது. மூன்று தடவையும் ஓட்டிக்கொண்டு போனவன் அந்தோணிசாமி. மூன்று தடவையும் முதலாளியிடம் அவன் சொன்ன காரணம் ஒன்றுதான்: லைட்டு பத்தலீங்க.

அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினான். அந்த வண்டி முன்பு புதுச்சேரியில் யாரோ ஒரு டாக்டரின் காராக இருந்தது. திண்டிவனத்தில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலைக்கு மண்டி வைத்திருந்த விருத்தாசலம் அதை வாங்கி, பின்பாதியை அறுத்தெடுத்துவிட்டு, மரப்பலகையில் தொட்டி கட்டினார். விளக்குகள் மட்டும் பழையபடியே இருந்தன. உள்ளே வெள்ளிப்பூச்சு கறுத்து, சமையல்கட்டுப் புகை ஏறிய கிண்ணம்போல ஆகியிருந்தது. போன வருஷம் வரைக்கும் அந்த வெளிச்சத்திலேயே அவன் சிரமமில்லாமல் ஓட்டினான். இந்த வருஷம் முடியவில்லை. ஆகவே விளக்குதான் வரவர மங்கிக்கொண்டு போகிறது என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

வேலை அப்படி அமைந்திருந்தது. ஒலக்கூரிலிருந்தும் பிரம்மதேசத்திலிருந்தும் மாட்டுவண்டிகளில் மல்லாட்டை வந்து இறங்கப் பிற்பகல் ஆகிவிடும். உடைத்த பருப்பை மூட்டை கட்டி ஏற்றி விழுப்புரத்தில் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது இருட்டிவிடும். இருபத்துமூன்று மைல். சாலையின் இரண்டு பக்கமும் புளியமரங்கள். நடுவில் போகிற மாட்டுவண்டிகளில் வண்டிக்காரன் தூங்கிக்கொண்டிருப்பான். மாடுகள்தான் வழி பார்த்துப் போகும்.

கூடப் போகிற மூட்டைக்காரன் பச்சமுத்து முன்சீட்டில் உட்காரமாட்டான். பச்சமுத்து ஊர்த் தெருச் சாதிக்காரன். அந்தோணிசாமி சேரியில் பிறந்து ஞானஸ்நானம் பெற்றவன். வண்டியில் ஏறிய முதல் நாளே பச்சமுத்து பின்பக்கம் போய் மூட்டைமேல் உட்கார்ந்தான். அன்றிலிருந்து அதுவே அவன் இடம். அந்தோணிசாமிக்கு அதில் வருத்தம் என்று ஒன்று இருந்தாலும் அவன் அதைக் கவனித்ததில்லை. சீட்டு முழுவதும் தனக்கே என்பது ஒரு வசதியாகக்கூட இருந்தது.

பாதிரிமார் மிஷனின் காரைக் கழுவிக்கொண்டிருந்தவன், கழுவக் கழுவவே ஓட்டக் கற்றுக்கொண்டவன் அவன். லைசென்ஸ் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. அவனுடைய அண்ணன் சின்னக்கண்ணு ஒலக்கூரில் ஒரு ரெட்டியாரிடம் பண்ணையாள். மச்சான்கள் எல்லோரும் அப்படியே. சேரியில் காக்கிச் சட்டை போட்டவன் அவன் ஒருவன்தான். ஸ்டீரிங் போனால் தனக்கு மிச்சமிருப்பது அண்ணனுக்குப் பக்கத்தில் இன்னொரு கலப்பை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

தெரியாத விஷயம் வேறு. அவன் தெருவில் பொழுது சாய்ந்தபின் யாரும் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மண்ணெண்ணெய்ச் சிம்னி ஏற்றினால் கேப்பைக் கூழ் குடித்து முடிக்கும்வரைதான். பிறகு எல்லோரும் கையால் தடவித்தான் பாயைக் கண்டுபிடித்தார்கள். அவன் மனைவி சவுரியம்மாள் சொம்பை அவன் கை படுகிற இடமாகப் பார்த்து வைப்பாள். மகள் அம்மணி வாசற்படியில் தடுக்கி விழுந்தால், இருட்டில் எதற்கு ஓடுகிறாய் என்று திட்டு விழும். இருட்டில் கண் தெரியாமல் போவது ஒரு வியாதி என்று அங்கே எவருக்கும் தோன்றியதில்லை. வெளிச்சம் இருந்தால்தானே அந்தச் சந்தேகம் வரும்.

புளியமரத்தில் உரசிய மறுநாள் அந்தோணிசாமி மண்டிக்குப் போய் முதலாளி முன்னால் நின்றான். நல்ல விளக்காக மாட்டிக் கொடுத்தால் இனி ஒரு கீறல்கூட விழாது என்றான். விருத்தாசலம் குவியலில் கையை விட்டார். ஒரு பருப்பை எடுத்து நசுக்கி, அதன் எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"மாத்தித் தர்றேன் அந்தோணி. அதுக்கப்பறமும் இடிச்சீன்னா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீயே எறங்கிக்க."

தை அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது வண்டி விழுப்புரத்தில் துரைக்கண்ணு மேஸ்திரியின் ஷெட்டுக்குப் போனது. ரயில்வே லோகோ ஷெட்டில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர் துரைக்கண்ணு. சிரிக்காமலே கேலி பேசுவார். நொறுங்கிப் போன ஒரு பெரிய காரிலிருந்து கழற்றிய இரண்டு விளக்குகளை வைக்கோல் சுற்றி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் சோற்றுப்பானையின் வாய் அகலம். உள்ளே பூச்சு புதிதாக மின்னியது.

அன்று பகல் முழுவதும் வேலை நடந்தது. மேஸ்திரி பழைய ஒயரை உருவி எறிந்துவிட்டு அதைவிடத் தடியானதை இழுத்தார். பாட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினார். புது பல்பு அதிகமாகக் கரண்டு குடிக்கும் என்று டைனமோவைக் கழற்றிக் கூடுதலாகச் சார்ஜ் ஏறும்படி சரிசெய்தார். அந்தோணிசாமி ஸ்பானரை அவர் கேட்கும் முன்பே எடுத்துக் கொடுத்தான். மட்கார்டை அவனே தட்டி நிமிர்த்தினான். டிரைவராக இருந்துகொண்டு எனக்குப் போட்டியாக வருகிறாயா என்று மேஸ்திரி கேட்டார். அவன் சந்தோஷமாக இருந்தான். நாலு மணிக்கு விளக்கைப் போட்டு ஷெட் சுவரில் வெளிச்சம் விழுகிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டபோது, அந்த மஞ்சள் வட்டம் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இனிமேல் பயமில்லை என்று நினைத்தான்.

ஆறே முக்காலுக்கு வண்டியை வெளியே தள்ளிச் சாலையைப் பார்க்க நிறுத்தினார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேர்ச்சாலை. கூட்ஸ் ஷெட்டில் வேலையாக வந்திருந்த முதலாளியும் பார்க்க வந்தார். பச்சமுத்து ஓரமாக நின்றான். அந்தோணிசாமி சீட்டில் உட்கார்ந்து முன்கண்ணாடி வழியாகப் பார்த்தான். முன்னால் சாம்பலாக ஏதோ இருந்தது. அது வானமா சாலையா என்று பிரிக்க முடியவில்லை. மேஸ்திரி ஜன்னல் வழியாகக் கையை விட்டு சுவிட்சை இழுத்தார். டக்கென்று சத்தம் கேட்டது.

அவன் காத்திருந்தான்.

"லைட்டு பத்தல மேஸ்திரி," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு ஏன் என்று புரியவில்லை. இதுவே பத்தலயா, உனக்கு மயிலம் தேருக்குப் போடுகிற காஸ் லைட்டு எல்லாம் கட்டி இழுத்துக்கொண்டு வரவேண்டுமா என்று முதலாளி கேட்டார். பதினோராவது மரத்துச் சுண்ணாம்புப் பட்டைவரை தெரிகிறது, எண்ணிவிட்டேன் என்று பச்சமுத்து சொன்னான். விளக்கு பற்றவில்லை என்பதற்கும் வெளிச்சம் போதவில்லை என்பதற்கும் அந்தப் பக்கத்துப் பேச்சில் சொல் ஒன்றுதான். மின்சார விளக்கை எரியவில்லை என்றுதான் மற்றவர்கள் சொல்வார்கள். சிம்னி விளக்கை மட்டுமே வீட்டில் கண்டவன் வாயில் பத்தல என்று வந்துவிட்டது. அவர்கள் அதைப் போதவில்லை என்று எடுத்துக்கொண்டதால் அந்தச் சொல் அவனைக் காப்பாற்றியது. விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது என்று அவர்கள் சிரிப்பிலிருந்துதான் அவன் தெரிந்துகொண்டான். அவனும் சிரித்தான். இன்னும் கொஞ்சம் தூக்கி வைத்தால் நன்றாக இருக்கும் என்றான்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. முதலாளி காப்பி குடிக்கப் போனதும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிப் பச்சமுத்துவை அனுப்பினார். வண்டிக்கு முன்னால் போய் எதையோ தட்டினார். திரும்பி ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"தூக்கி வெச்சிருக்கேன். இப்ப எப்டி இருக்குது?"

"இப்ப நல்லாத் தெரியுது மேஸ்திரி. பால் ஊத்தினாப்பல இருக்குது."

மேஸ்திரி ஜன்னல் கட்டையில் கையை ஊன்றிக் குனிந்தார்.

"ஒயரக் கழட்டி வுட்டுட்டேன் அந்தோணி. வெளக்கு அணைஞ்சி கெடக்குது."

அந்தோணிசாமி இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். எத்தனை நாளாக இப்படி என்று மேஸ்திரி கேட்டார். அவன் பழைய விளக்கின் கறுத்த பூச்சைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான், பாதியில் நிறுத்தினான். லோகோ ஷெட்டில் வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைப் பார்ப்பார்கள், இந்த மாதிரி ஒருவனை இஞ்சினிலிருந்து இறக்கி ரயில்வே கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள் என்று மேஸ்திரி சொன்னார். மண்டியில் உட்கார வைக்கக் கேட் எதுவும் இல்லை. அது இருவருக்கும் தெரியும்.

"மொதலாளிகிட்ட சொல்லிடாதீங்க."

"நான் சொல்லமாட்டேன். ஆனா இருட்டுல இந்த வண்டிய நீ எடுக்கக் கூடாது. மாட்ட ஓட்டிக்கினு தூங்கிக்கினே போறான் பாரு, அவன் ஒனக்கு இன்னா பண்ணான்?"

ஒயர் சூடாகிறது, காலையில்தான் வண்டியைக் கொடுக்க முடியும் என்று மேஸ்திரி முதலாளியிடம் சொன்னார். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ரயிலேறிப் போனார். அந்தோணிசாமி விடிந்தபின் வண்டியை எடுத்துக்கொண்டு திண்டிவனம் வந்தான். புது விளக்கைப் பார்க்க மண்டியில் கூட்டம் கூடியது.

வீட்டில் அவன் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்ததில் ஒரு வழி தோன்றியது. பச்சமுத்துவுக்குப் பதினோராவது மரம் வரை தெரிகிறது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து வளைவையும் வண்டியையும் சொல்லிக்கொண்டு வந்தால் போதும். மீதியைக் கை பார்த்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான். பின்னால் பனி அடிக்கிறதே, முன்சீட்டில் வந்து உட்காரேன் என்றுதான் கேட்டான். காரணத்தைச் சொல்லவில்லை.

பச்சமுத்து கோபப்படவில்லை. பழக்கத்தில் சொல்கிறவன்போலச் சொன்னான்:

"பனியில நனைஞ்சா தலையத் தொடச்சிக்கலாம். ஒன்னோட சரிசமமா ஒக்காந்துக்கினு போறத யாராவது பாத்தா அத எதால தொடைக்கிறது? வுடு அந்தோணி, ஜல்தி கெளம்பு."

விழுப்புரத்தில் மூட்டை இறக்கத் தாமதமானது. திரும்பும்போது விக்கிரவாண்டியில் பொழுது இறங்கிவிட்டது. சாலையின் ஓரம் வெள்ளையாகத் தெரிகிறவரை ஓட்டினான். தெரியாமல் போனதும் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, இஞ்சின் சூடாகிவிட்டது என்று பின்பக்கம் பார்த்துச் சொன்னான். பச்சமுத்து கோணியை விரித்துப் படுத்துவிட்டான்.

வருகிற மாட்டுவண்டிகள் இதன்மேல் மோதிவிடக் கூடாது என்று அந்தோணிசாமி விளக்கை எரியவிட்டான். எரிகிறதா என்று தெரிந்துகொள்ளக் கீழே இறங்கி, மட்கார்டைத் தடவிக்கொண்டு போய், விளக்குக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சுட்டது. சீட்டில் வந்து உட்கார்ந்தான். மணி கழுத்தில் ஆட மாட்டுவண்டிகள் விலகிப் போவது கேட்டது. மறுபடி இறங்கித் தொட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கடுத்த தடவை கண்ணாடி பனியில் ஈரமாக இருந்தது. அப்புறம் அவன் சீட்டுக்குப் போகவில்லை. விடிகிறவரை வண்டிக்குப் பின்னால் சாலையில் நின்று, மாட்டு மணி கேட்கும்போதெல்லாம் குரல் கொடுத்தான்.

காலையில் வண்டி கிளம்பவில்லை. புது பல்பு பாட்டரியைக் காலி செய்திருந்தது. பத்து மணிக்கு, வராத வண்டியைத் தேடிக்கொண்டு முதலாளி பஸ்ஸில் வந்து இறங்கினார். வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். புதிதாக எங்கும் அடி படவில்லை. பிறகு எதற்காக நிறுத்தினாய் என்று கேட்டார். இருட்டினால் தனக்குக் கண் தெரிவதில்லை என்று அந்தோணிசாமி சொன்னான். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் விளக்கைத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்லயே சொல்லியிருந்தா பழைய லைட்டே போதுமாயிருந்திருக்கும்," என்றார்.

அந்த வாரமே அவன் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஈரல் வாங்கிச் சமைத்துக் கொடுக்கவா என்று சவுரியம்மாள் கேட்டுக்கொண்டே கூட வந்தாள். டாக்டர் முதலில் மீன் எண்ணெய் எழுதினார். எழுதிக்கொண்டே அப்பாவைப் பற்றி விசாரித்தார். அப்பா ஒரு நாள் அந்தி நேரத்தில் கிணற்றில் விழுந்து செத்தார், குடித்திருந்தார் என்று சொல்வார்கள் என்றான் அந்தோணிசாமி. குடிக்கிறவரா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றான். அண்ணனுக்கு இரவில் கண் எப்படி என்று கேட்டார். அண்ணன் இரவில் வெளியே போனதே இல்லை என்று அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. டாக்டர் எழுதியதை அடித்தார். சத்துக் குறைவால் வருவதற்குத்தான் எண்ணெய் கேட்கும், இது பிறவியோடு வந்து வரவர முற்றுவது, இதற்கு மருந்து கிடையாது என்றார். பிள்ளைகள் இருந்தால் கூட்டிவரச் சொன்னார். சவுரியம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். அம்மணியை அவர்கள் அங்கே கூட்டிப் போகவில்லை.

மார்ச் முதல் தேதி கெடாரைச் சேர்ந்த நடராசன் மண்டி வண்டியில் டிரைவராகச் சேர்ந்தான். அந்தோணிசாமி குடும்பத்தோடு ஒலக்கூருக்குப் போய், அண்ணன் வேலை செய்த அதே ரெட்டியாரிடம் பண்ணையாளாகச் சேர்ந்துகொண்டான். அவனுடைய லைசென்ஸ் அந்த வருஷம் புதுப்பிக்கப்படவில்லை.