ஒரே டாக்டர்

இரும்பு ஸ்டூல் இரண்டாவது முறை மோதியபோதுதான் அவசரப் பிரிவின் கண்ணாடிக் கதவு பொலபொலவென்று கொட்டியது.

"என் தம்பியக் கொன்னுட்டீங்களேடா, பாவிகளா!"

பெரியவன் மறுபடியும் ஓங்கினான். இருபது வருஷம் பஸ் ஸ்டியரிங்கை வளைத்த கை. தடுக்கப் போன வாட்ச்மேன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, வேணாம்ணே!" கட்டிலருகே நின்று அவள் கத்தினாள். செத்தவனுக்கு அக்கா, அடிப்பவனுக்குத் தங்கை. அவள் குரல் அந்த இரைச்சலில் எடுபடவில்லை.

தம்பிக்குக் கல் உடைக்கும் ஆலையில் வேலை. காலையில் மூச்சு முட்டி நீலம் பாரித்துப் போனவனை ஆட்டோவில் போட்டு இங்கே கொண்டுவந்தவள் அவள்தான். செயற்கை மூச்சு மெஷின் மூலையில் உறை கழற்றாமல் நின்றது. ரிப்பன் வெட்டியதோடு சரி, ஏதோ ஒரு பாகம் வரவேண்டுமாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஆம்புலன்ஸ் கேட்டதற்கும் பதில் இல்லை. இருந்த ஒரே டாக்டர், படிப்பு முடித்து ஒரு வருஷம்கூட ஆகாதவர், தம்பியின் தொண்டையில் குழாயை இறக்கி, ரப்பர் பையைக் கையாலேயே அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தார். கை மரத்துப்போனபோது பையை அவளிடம் நீட்டினார்.

"நிறுத்திராதீங்கக்கா. அடுத்த பெட்ல ஒரு கொழந்த இருக்கு, பாத்துட்டு ஓடி வந்துர்றேன்."

மூன்று மணி நேரம் இருவரும் மாற்றி மாற்றி அமுக்கினார்கள். பதினொரு மணிக்கு எல்லாம் அடங்கிவிட்டது.

பெரியவனுக்கு இது எதுவும் தெரியாது. வெளியூர் டிரிப்பிலிருந்து அப்படியே வந்தான். மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்தான். ஸ்டூலைத் தூக்கிவிட்டான்.

வெளியே சீட்டுக்காக வரிசையில் நின்ற கூட்டம் உள்ளே பாய்ந்தது. காலையில்தான் சுகாதாரத் துறை ஆள் ஒருவர் இந்த வரிசையில் வந்து, ஆஸ்பத்திரியை மேம்படுத்த என்ன செய்யலாம் என்று ஆளாளுக்குக் கருத்துக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். "ஏதோ போகுதுங்க" என்று பல்லிளித்தவர்களுக்கு இப்போதுதான் வாய் வந்தது.

"எங்கம்மாவ நாலு நாள் தரையில போட்டிருந்தானுங்க!"

"ஸ்கேனுக்கு மூணு மாசம் கழிச்சு வான்னான், அதுக்குள்ள ஆளே போயிட்டாரு!"

குறைக்கு ஒரு அடி. மருந்து அலமாரி குப்புற விழுந்தது. டியூப் லைட்டுகள் வெடித்துச் சிதறின. "ஒரு நிமிஷம் கேளுங்க" என்று முன்னால் வந்த டாக்டரின் வாயிலேயே ஒரு குத்து. விழுந்தவரை எழவிடாமல் மிதித்தார்கள். நெற்றி தரையில் மோதிப் பிளந்தது.

அவள் ஆட்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, அவர்மேல் குப்புற விழுந்தாள். யாருடைய ஷூவோ விலாவில் இறங்கியது. அதற்குப் பிறகு ஸ்டூல். தோளில் ஏதோ மளுக்கென்றது.

"இவரு கையாலதான்டா அவன் மூணு மணி நேரம் உசுரோட கெடந்தான்!"

பெரியவன் ஓங்கிய கையோடு நின்றான். கீழே கிடப்பது தங்கை என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. ஸ்டூல் கையிலிருந்து நழுவியது.

போலீஸ் வந்தபோது அவன் முரண்டு பிடிக்கவில்லை. வாசலில் மட்டும் திரும்பிப் பார்த்தான். "தம்பிய ஒத்தையில விட்டுறாத" என்றான். அவள் தலையாட்டினாள்.

கூட்டம் போன பிறகு நர்ஸ் டாக்டரைச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்தாள். ரத்தம் நிற்பதாயில்லை.

"உடனே தையல் போடணும். போட வேற டாக்டர் இங்க ஏது? நானே போட்டுர்றேன். லைட்டுதான் ஒண்ணும் மிஞ்சல" என்றாள்.

ஜன்னல் இல்லாத அறை. தோள் அடிபட்டவள் மற்றக் கையால் தன் செல்போன் டார்ச்சைப் போட்டாள். ஊசி உள்ளே போனது.

"அக்கா, உங்க தோள்..." என்றார் டாக்டர்.

"நீங்க பேசாதீங்க."

மூன்றாவது தையலில் செல்போன் அடித்தது. தம்பியின் மனைவி. நிறைமாதக்காரி அலைய வேண்டாம், ஒன்றும் இருக்காது என்று சொல்லி, காலையில் இவள்தான் அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"வெளிச்சம் ஆடுதும்மா" என்றாள் நர்ஸ்.

அவள் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, வெளிச்சத்தைக் காயத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள். மணி அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.