ஏரி இடத்தில் இல்லை

கட்டட அனுமதிக்காக மூன்று முறை ஆய்வு நாள் குறிக்கப்பட்டது. மூன்று முறையும் அன்று காலை ஏரி இடத்தில் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் வரை இடுப்பளவு தண்ணீரோடு கிடந்ததை ஊரே பார்த்திருந்தது, மறுநாளும் பார்த்தது. இடைப்பட்ட அந்த ஒரு நாள் மட்டும் அங்கே காய்ந்த மண்ணும், என்ன செய்வதென்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்ற கொக்குகளும்தான் இருந்தன. முதல் முறை ஏரி பேருந்துப் பணிமனையில் போய் இருந்துவிட்டு வந்தது. ஓட்டுநர்கள் வண்டிகளைக் கழுவிக்கொண்டார்கள். இரண்டாம் முறை ஒரு பள்ளி மைதானம். தலைமையாசிரியர் விடுமுறை விட்டார். மூன்றாம் முறை எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. அதற்குள் பழகிவிட்டது.

கேட்டவர் ஒருவர்தான், நகராட்சியின் தள ஆய்வாளர். அலுவலகத்தில் அவருக்குச் ‘சந்தேகம் சார்’ என்று பெயர். ஒரு டேப்பை இன்னொரு டேப்பால் அளந்து பார்த்துவிட்டுத்தான் நிலத்தை அளப்பார். யாராவது காலையில் வணக்கம் சொன்னால் மதியம் வரை அதைப் பற்றி யோசிப்பார். அந்த ஏரியையும் அதைச் சுற்றிய சதுப்பையும் மேடாக்கி நான்கு மாடியில் பதினாறு வீடுகள் கட்டுவதற்கு ஒரு பில்டர் மனுப் போட்டிருந்தார். நிலம் காய்ந்த நிலம் என்று ஆய்வில் தெரிந்தால் அனுமதி. தண்ணீர் நின்றால் இல்லை. சந்தேகம் சார் நாள் குறிக்காமல் நான்கு முறை திடீரென்று போய், முழங்கால் நனைய நின்று, அறிக்கையும் எழுதினார். நான்கும் திரும்பி வந்தன. ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாத ஆய்வு செல்லாது என்பது விதி. ஆகவே அவர் கண்ணால் கண்ட தண்ணீர் எதுவும் செல்லவில்லை. தண்ணீர் இல்லாத மூன்று நாட்கள் மட்டும் செல்லுபடியாகி, கோப்பில் வரிசையாக ஏறி உட்கார்ந்தன.

ஏரிக்கு யாரோ தகவல் கொடுக்கிறார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. யார் என்பதில்தான் சந்தேகம். பில்டரைச் சந்தேகப்பட்டார். பில்டரோ, இவர் இப்படி இழுத்தடிப்பது கை நீட்டுவதற்கான பீடிகை என்று இவரைச் சந்தேகப்பட்டார். அறிவிப்பைக் கொண்டுபோய்த் தளத்தில் ஒட்டும் பியூன், இரண்டு பேரும் சேர்ந்து தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, ஒட்டிய அறிவிப்போடு நின்று போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். கடைசியில் ஆய்வாளர் ஒரு வேலை செய்தார். பில்டரிடம் அடுத்த ஆய்வு செவ்வாய் என்றார். பியூனிடம் புதன் என்றார். அக்கா வீட்டில் டீ குடிக்கும்போது, கணக்குக்கு ஒரு ஆள் குறைகிறதே என்று, சும்மா அவளிடம் வியாழன் என்று சொல்லி வைத்தார். செவ்வாய்க்கிழமை ஏரி இருந்தது. புதன்கிழமையும் இருந்தது. வியாழக்கிழமை காலை அவர் போய் நின்றபோது, தூண்டிலோடு வந்த ஒரு ஆள் காய்ந்த தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். ஆய்வாளர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆயுசு முழுக்க எல்லோரையும் சந்தேகப்பட்டவர், ஒரே ஒருத்தியைத்தான் விட்டு வைத்திருந்தார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா இறந்த பிறகு தம்பியைத் தையல் மிஷினை மிதித்தே படிக்க வைத்தவள் அவள். அவள் கணவர் ஓய்வு பெற்ற கண்டக்டர். முழங்கால் தேய்ந்துபோய், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தெருவில் போகிறவர்களுக்கு நேரம் சொல்லிக்கொண்டிருப்பார். இருபத்திரண்டு வருடத்தில் அவர்கள் பதினோரு வாடகை வீடு மாறியிருந்தார்கள். ஒரு வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று காலி பண்ணச் சொன்னார். இன்னொருவர் மிஷின் சத்தம் தலைவலிக்கிறது என்றார். ஒருவர் காரணமே சொல்லவில்லை. பெட்டிகளின் கயிற்றை முழுதாக அவிழ்க்காமலே வாழக் கற்றிருந்தாள். வரப்போகிற பதினாறு வீடுகளில் ஒன்றுக்கு அவள் பதிவு செய்திருந்ததை ஆய்வாளர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

அவர் நேராகப் போய்க் கேட்டார். அவள் மிஷினை நிறுத்தவில்லை.

“ஆமாடா, நான்தான் சொன்னேன். ஒரு நாள் கொஞ்சம் தள்ளி இருக்கியான்னு கேட்டேன். சரின்னுச்சு.”

“ஏரிகிட்டயா?”

“உன்கிட்ட கேட்டா நீ ரூல் பேசுவ.”

ஆய்வாளர் பதினெட்டு நாள் அந்தக் கோப்பைத் தொடவில்லை. கையெழுத்துப் போட்டால், தண்ணீர் நிற்கிற இடத்தைத் தண்ணீர் இல்லாத இடம் என்று எழுதிக் கொடுத்தவராகிவிடுவார். அந்தப் பொய்யின் மேல்தான் அக்கா குடும்பம் படுத்துத் தூங்கும். போடாவிட்டால் பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது என்று வாடகை வீடுகள் நீண்டுகொண்டே போகும். அப்போதிருந்த வீட்டையும் மாத முடிவுக்குள் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். பத்தொன்பதாம் நாள் போட்டார். போட்ட பிறகு கையைக் கழுவினார், சாப்பிடவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட பயமாக இருந்தது.

அடுத்த நாளே ஏரி ஒரேயடியாகப் போய்விட்டது. பணிமனையில் இல்லை, மைதானத்தில் இல்லை. கட்டடம் பதினான்கு மாதத்தில் எழும்பியது. தோண்டிய குழியில் ஒரு சொட்டு ஊறவில்லை என்று மேஸ்திரி சந்தோஷப்பட்டார். ஆய்வாளருக்குச் சந்தோஷமில்லை. அவ்வளவு தண்ணீர், ஒரு பெண் கேட்டாள் என்று சொல்லாமல் கொள்ளாமல் போகுமா? ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல், ஒரு மழைக்குக்கூட எட்டிப் பார்க்காமல்? ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து ஏறி ஊரைச் சுற்றியுள்ள பள்ளங்களை எல்லாம் பார்த்து வந்தார். எல்லாப் பள்ளமும் அந்தந்தப் பள்ளத்துத் தண்ணீரோடுதான் இருந்தது.

வீடுகள் கட்டி முடித்துக் குடியேறிய மூன்றாம் மாதம், கட்டட நிறைவுச் சான்றிதழுக்காக ஒவ்வொரு அறையையும் பார்த்து எழுத அவரையே அனுப்பினார்கள். முதல் வீட்டில் பின் அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். பழைய சாமான் கிடக்கிறது, சாவி காணவில்லை என்றார்கள். இரண்டாம் வீட்டிலும் அதே பழைய சாமான், அதே காணாத சாவி. மூன்றாம் வீட்டுக்காரர், கேட்பதற்கு முன்பே சாவி இல்லை என்றார். ஆய்வாளர் மீதி வீடுகளை விட்டுவிட்டு, கீழ்த்தளத்தில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனார். கண்டக்டர் மாமா ஜன்னலோரம் இருந்தார். பின் அறைக் கதவை அக்கா தானே திறந்து விட்டாள்.

தண்ணீர் ஜன்னல் உயரத்துக்கு நின்றது. வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டு வெளியே வரவில்லை. கதவு இருந்த இடத்தில் நேராக, அடக்கமாக நின்றது. உள்ளே மீன்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தங்கள் வழியே போயின. பரணில் ஒரு கொக்கு இருந்தது.

ஆய்வாளருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாற்பது வருடமாக நான்கு பக்கமும் லாரிகள் இடிபாட்டைக் கொட்டிக் கொட்டி அந்த ஏரியை விரட்டிக்கொண்டே வந்தன. அது ஏரி என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட எந்த அலுவலகத்திலும் கிடையாது. இப்போது அதற்குக் கதவு எண் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, நகராட்சி முத்திரையோடு அவருடைய கையெழுத்து இருக்கிறது. இனி யாராலும் ஒரு கூடை மண் கொட்ட முடியாது.

“அது நம்மள ஏமாத்திருச்சுக்கா,” என்றார். “அனுமதி கிடைக்கணும்னுதான் அது ஒளிஞ்சிருக்கு.”

அக்கா கதவருகே ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“யாரும் ஏமாத்தல. நான் கேட்டப்ப அதுவும் என்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. வீட்டுக்கு ஒரு ரூம் குடுத்தா போதும்னுச்சு. மத்த வீட்டுக்காரங்ககிட்ட நான்தான் பேசி முடிச்சேன்.” துணியைப் பிழிந்தாள். “காலி பண்ணு, காலி பண்ணுன்னு அதையும் எத்தனை பேரு சொல்லிருக்காங்கன்னு உனக்கென்னடா தெரியும்?”

ஆய்வாளர் வெளியே வந்தார். மாடிப்படியில் உட்கார்ந்து படிவங்களை மடியில் வைத்துக்கொண்டு, பதினாறிலும் பின் அறைக்கு நேராக ‘குடியிருப்பு உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரிகள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் மாதம் ஒரு முறை அக்கா வீட்டுக்கு வருகிறார். உள்ளே நுழைந்ததும் சுவரில் விரிசல் உண்டா, தரை இறங்கியிருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்க்கிறார்; அந்தப் பழக்கம் போகாது. கடைசியில் பின் அறைக்குப் போவார். இரண்டு முறை கதவைத் தட்டி, கொஞ்சம் நின்றுவிட்டு, அப்புறம்தான் திறப்பார்.