நாற்பது பேருக்குப் பயிற்சி

மதிப்பீட்டுக் குழு வந்த காலையில் பிரசவ வார்டில் ஐந்து பெண்கள் வலியோடு கிடந்தார்கள். பார்த்துக்கொள்ளத் தலைமை நர்ஸும் அவளுடைய தங்கையும்தான் இருந்தார்கள். தலைமை நர்ஸின் வாய்க்கு அஞ்சி ஆஸ்பத்திரி முழுக்க அவளைச் ‘சுடுதண்ணி’ என்றுதான் சொல்லும், முதுகுக்குப் பின்னால்.

குழுவில் இரண்டு பேர் வண்டியை விட்டே இறங்கவில்லை. உள்ளே வந்தவர் ஆலோசகர். இங்கே பிறந்து, பணக்கார நாடொன்றில் குடியேறி, அந்த நாட்டின் உதவி நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். உலக நாடுகள் கூடிக் கையெழுத்திட்ட வளர்ச்சி இலக்குகளில் ஒன்று, நாடுகளுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் குறைப்பது. அதன் பேரில் அந்த நாடு இந்த ஆஸ்பத்திரியில் நாற்பது நர்ஸுகளுக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்திருந்தது. பயிற்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாதிப் பாடத்தை நடத்தியவளே சுடுதண்ணிதான்.

“நாற்பது பேர் இலக்கு, நாற்பது பேரும் பாஸ். நூறு சதவீதம்!” ஆலோசகர் படிவத்தை நீட்டினார். “இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க மேடம்.”

“அந்த நாற்பது பேரையும் பார்க்க வேண்டாமா?”

“பார்க்கலாமே. எங்க இருக்காங்க?”

“உங்க ஊர்ல.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“முப்பத்தொரு பேர். மிச்ச ஒன்பது பேர்ல இந்த வார்டுக்குக் கிடைச்சவ என் தங்கச்சி ஒருத்திதான். சர்டிபிகேட்ல மை காயறதுக்குள்ள உங்க ஆளுங்க வந்து, இந்த வராந்தாவுலயே மேஜை போட்டு இன்டர்வியூ எடுத்தாங்க.”

“அது வேற துறை மேடம். அவங்க ஆள் எடுக்கறவங்க. நாங்க உதவி செய்யறவங்க.”

“ஒரு கை குடுக்குது, இன்னொரு கை பிடுங்குது. ரெண்டும் ஒரே உடம்புலதானே இருக்கு?”

அவர் முகம் கறுத்தது. “இலக்குன்னு ஒண்ணு இல்லேன்னா இந்தப் பயிற்சியே வந்திருக்காது. நாங்க குடுத்த ஸ்கேன் மிஷினும் வந்திருக்காது. ஒண்ணுமே செய்யாம இருந்திருக்கலாம்ங்கறீங்களா?”

“மிஷின் பத்திரமா இருக்கு. அதை ஓட்டத் தெரிஞ்சவதான் இல்ல. ‘பயிற்சி பெற்றவர்’னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்களே, ‘இன்னும் இங்கே இருப்பவர்’னு பக்கத்துலயே இன்னொண்ணு போடுங்க. உடனே கையெழுத்துப் போடறேன்.”

“கட்டம் போடறது நான் இல்ல.”

அதற்குள் தங்கை உள்ளேயிருந்து கத்தினாள். மூன்றாம் கட்டிலில் பிள்ளை பிறந்துவிட்டது, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. சுடுதண்ணி ஓடினாள். ஓடிய வேகத்தில் ஆலோசகரையும் இழுத்துக்கொண்டு போய், குளுக்கோஸ் பாட்டிலை அவர் கையில் திணித்து, “உசத்திப் பிடிங்க. இறக்கினீங்கன்னா பாருங்க!” என்றாள். முக்கால் மணி நேரம் அவர் அப்படியே நின்றார். சட்டையெல்லாம் ரத்தம். தாய் பிழைத்தாள்.

அந்த முக்கால் மணி நேரம் ஐந்தாம் கட்டில் பக்கம் போக ஆளில்லை. அங்கே ஒருத்தி கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் ஓய்ந்து, தானே பெற்றிருந்தாள். குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. சுடுதண்ணி அதை மேஜையில் கிடத்தி எவ்வளவோ முயன்று பார்த்தாள். அது மூச்சு விடவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் ஆலோசகர் மேல் பாய்ந்தாள். “பார்த்தீங்கல்ல? ரெண்டு கை கூட இருந்திருந்தா அது இப்போ அழுதுட்டிருக்கும்.”

ரத்தம் தோய்ந்த சட்டையோடு நின்றவருக்கும் கோபம் வந்தது. “என்கிட்ட ஏன் கத்தறீங்க? உங்க தங்கச்சிகிட்ட கேளுங்க. அடுத்த மாசம் போறவங்க லிஸ்ட்ல அவங்க பேரும் இருக்கு.”

அவள் நிதானமாகக் கேட்டாள்: “வேற துறைன்னீங்க. லிஸ்ட் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?”

அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

தங்கை குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“எப்ப சொல்றதா இருந்தே?”

“சொன்னா விட்டிருப்பியாக்கா?”

“இன்னிக்கு நடந்ததைப் பார்த்துட்டுமா போறே?”

“எட்டு வருஷமா இதைத்தானே பார்க்கறேன்! நாடும் நாடும் சமமாகற வரைக்கும் காத்திருன்னா, என் பிள்ளைக்குத் தலை நரைச்சுடும். நான் போனா என் வீட்டுக்காவது அந்த வித்தியாசம் குறையும்.”

“உன் வீட்டுக்குக் குறையும். இந்த வார்டுக்குக் கூடும்.”

“கூடட்டும். உலகமே கையெழுத்துப் போட்டும் தாங்க முடியாததை நான் ஒருத்தி தோள்ல தாங்கணுமா?”

“போ. இனி என் முகத்துல முழிக்காதே.”

சுடுதண்ணி கையெழுத்துப் போடவில்லை. படிவத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதினாள்: நாற்பது பேர் படித்தார்கள். முப்பத்தொரு பேர் போய்விட்டார்கள். ஒருத்தி போகப்போகிறாள். ஆளில்லாமல் இன்று ஒரு குழந்தை செத்தது. ஆலோசகர் அதைப் படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாளே வேறு படிவம் வந்தது. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அச்சான அறிக்கையில் நூறு சதவீதம் என்றே இருந்தது. அடுத்த மாதமே தங்கை விமானம் ஏறினாள். வழியனுப்ப அக்கா போகவில்லை. தங்கையின் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தாள். அவளிடமிருந்து வந்த போனை எடுக்கவில்லை.

நூறு சதவீதம் வந்ததால் திட்டத்தை நீட்டித்தார்கள். இன்னொரு நாற்பது பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பாடம் எடுக்க மாட்டேன் என்று சுடுதண்ணி ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு நின்றாள். வேறு யாருக்கும் அந்தப் பாடம் தெரியாது என்பதால் கடைசியில் அவளே போனாள்.

“படிச்சு முடிச்சதும் யார் யார் கிளம்பப்போறீங்க?”

ஒரு கையும் உயரவில்லை.

“பொய் சொல்றவளுக்கு என் வகுப்புல இடம் கிடையாது.”

ஒரு கை உயர்ந்தது. பிறகு இரண்டு. பிறகு, பின்வரிசையில் ஒருத்தியைத் தவிர எல்லோரும் உயர்த்தினார்கள். சுடுதண்ணி அந்த ஒருத்தியை முன்வரிசைக்கு வரச் சொன்னாள். மற்றவர்களை முறைத்தபடியே பாடத்தைத் தொடங்கினாள்.