முருகன் கண்ணாடிக்குப் போட்ட சட்டம்

மலாயாவில் குருணுக்கு அருகே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் பழனியாண்டி ஆசாரிக்கு நிகர் யாரும் இல்லை என்று பழனியாண்டியே பல தடவை சொல்லியிருக்கிறான். மற்றவர்களும் ஆமாம் என்றுதான் சொன்னார்கள், குழந்தைவேலு வந்து சேரும்வரை.

குழந்தைவேலு அலோர் ஸ்டாரில் கடைப் பலகை எழுதியவன். ஜப்பான்காரன் வந்து கடைகள் படுத்துப்போகவே, மரவள்ளிக் கிழங்காவது கிடைக்கட்டும் என்று தோட்டத்தில் வந்து ஒண்டிக்கொண்டான். வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவின் ஜன்னல் கண்ணாடி ஒன்றை எடுத்து, அதன் பின்புறத்தில் மிச்சமிருந்த சாயங்களால் முருகனையும் மயிலையும் எழுதினான். அதே பங்களாவின் தேக்கு மேசையை அறுத்து அதற்குச் சட்டம் போட்டவன் பழனியாண்டி. ஒரு மாதம் உட்கார்ந்து நான்கு பக்கமும் கொடி செதுக்கி, மூலைக்கு ஒரு மொட்டு வைத்தான். இணைப்பில் ஓர் ஆணி கிடையாது.

படம் தோட்டத்துக் கோயிலில் ஏறியது. சனம் வாயைப் பிளந்தது.

"கண்ணாடிக்குள்ள மயிலு உசுரோட நிக்குதுலா!"

"வேலு கையில தெய்வம்ல குடியிருக்கு!"

சட்டத்தைப் பற்றி வாயைத் திறந்தவள் கோயில் பெருக்கும் மருதம்மாள் ஒருத்திதான். "இந்தக் கொடி இடுக்குல தூசி அடையுமே, யாரு தொடைக்கிறது?" என்று கேட்டாள்.

பழனியாண்டிக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைப்பானேன்? வேலு "அண்ணே, அண்ணே" என்று சுற்றி வரும்போது இன்னும் எரிந்தது.

நாற்பத்து மூன்றாம் வருஷம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. பெயர்ப் பட்டியல் எழுதும் பாவம் தோட்டத்துக் கணக்கெழுதும் சதாசிவம் கிராணியின் தலையில் விழுந்தது. அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துக்குப் பொறுப்பாக வந்திருந்த ஜப்பான் அதிகாரி கோயிலுக்குள் எட்டிப் பார்த்தான். கண்ணாடியில் விரலை வைத்து, "பாகுஸ்! பாகுஸ்!" என்று மெச்சினான். யார் செய்தது என்று மலாயில் கேட்டான்.

விரல் கண்ணாடிமேல் இருந்தது பழனியாண்டிக்கு நன்றாகத் தெரியும். அது ஓர் அங்குலம் தள்ளிச் சட்டத்தைத் தொட்டிருக்கக் கூடாதா?

"நான்தான் துவான். எல்லாம் நான்தான்!" என்று சொல்லிவிட்டான்.

அதிகாரியோடு வந்திருந்த கிராணி திகைத்துப் பார்த்தார். ஆனால் ஜப்பான்காரன் முன்னால் வாயைத் திறக்க அவருக்கு என்ன பைத்தியமா?

அதிகாரி சட்டைப் பையிலிருந்து தன் மகளின் புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தான். எட்டு நாளில் அந்த முகம் கண்ணாடியில் வேண்டும். இப்படிப்பட்ட கைவேலைக்காரன் சயாமுக்குப் போக வேண்டியதில்லை என்றும் சொன்னான்.

மறுநாள் கிராணி பழனியாண்டியைத் தனியே கூப்பிட்டார். "ஒம் பேர அடிச்ச எடத்துல ஒரு ஆளு வேணுமாம். வேலு பேர எழுதிட்டேன். பால் வெட்டத் தெரியாதவன், அவனுக்கு வேற என்ன வேலைன்னு காட்டுறது?"

பழனியாண்டி சந்தோஷப்பட்டான் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பட்டான்.

மரத்துக்கு வர்ணம் பூசிப் பழகிய கை பழனியாண்டியுடையது. முதலில் முகத்தைப் பூசினான். காய்ந்ததும் அதன்மேல் கண், மூக்கு, வாய் எல்லாம் வைத்தான். கண்ணாடியைத் திருப்பி முன்புறம் பார்த்தால், வெறும் ரோஸ் வட்டம்! பின்புறம் எழுதுகிற படத்தில் கண்ணை முதலில் வைத்து, முகத்தைக் கடைசியில் பூச வேண்டும். வேலுவைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். கேட்க நாக்கு எழவில்லை. மூன்று கண்ணாடிகளைப் பாழாக்கிய பிறகு சூட்சுமம் பிடிபட்டது. அப்போது சாயம் தீர்ந்திருந்தது.

எட்டாம் நாள் காலை, ஆட்களை எண்ணும் பெரட்டுக் களத்தில் சயாமுக்குப் போகும் லாரி நின்றது. அதில் வேலு ஏற்றப்பட்டிருந்தான். பழனியாண்டி நீட்டிய கண்ணாடியில் தன் மகள் கண்ணில்லாமல் இருப்பதைப் பார்த்த அதிகாரி, ஓங்கி ஓர் அறை விட்டான். கோயிலில் இருப்பதைச் செய்தது இந்தக் கைதானா என்று கத்தினான்.

லாரியிலிருந்து வேலுவின் குரல் வந்தது. "கிராணி ஐயா, அண்ணன்தான் செஞ்சாரு! காய்ச்சல்ல கை நடுங்குதுன்னு சொல்லுங்க! இன்னும் ரெண்டு நாளு கேளுங்க!"

அறை வலிக்கவில்லை, இதுதான் வலித்தது. சாவுக்குப் போகிற லாரியில் நின்றுகொண்டு, நல்ல மனசிலும் இந்தப் பயல் தன்னை ஜெயிப்பதா? தோட்டம் காலத்துக்கும் அதையும் பேசிக்கொண்டிருக்குமா? பழனியாண்டியால் பொறுக்க முடியவில்லை.

"பொய் சொல்றான்! கண்ணாடி அவன் செஞ்சது! சட்டம் மட்டுந்தான் என்னுது!"

கிராணி அதை மலாயில் சொன்னார். அதிகாரி வேலுவைக் கீழே இறக்கி, புகைப்படத்தை அவன் கையில் திணித்தான். காலியான இடத்தில் பழனியாண்டியை ஏற்றினார்கள்.

லாரி நகர்ந்ததும் வேலு பின்னாலேயே ஓடி வந்தான். முகமெல்லாம் கண்ணீர்.

"அண்ணே! இந்தப் படத்துக்கு யாருண்ணே சட்டம் போடுவா?"

குருண் பட்டணத்தில் சின்னையா ஆசாரி என்று ஒருவன் இருந்தான். நல்ல கை. அந்தப் பெயரைச் சொல்லத்தான் பழனியாண்டி வாயெடுத்தான். சின்னையாவின் சட்டத்துக்குள் வேலுவின் கண்ணாடி உட்காருவதை நினைத்ததும் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"எவன்கிட்டயும் குடுக்காதடா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். "நான் வந்து போடுறேன்!"