பல்பொடி டப்பாவில் ஆறு கேப்சூல்

ஆகஸ்ட் 5, செவ்வாய்.
இன்று ஒரு சிறு தவறு. ஏழாம் படுக்கை கொம்பையா அண்ணாச்சியிடம் காலை எட்டு மணி கேப்சூலைக் கொடுத்தேன். அவர் வாயில் போடுவதற்குள் எட்டாம் படுக்கையில் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து, தம்ளரில் தண்ணீர் குறைந்திருப்பதைப் பார்த்து, மருந்துத் தாளில் 'கொடுக்கப்பட்டது' என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அவர் விழுங்கியதை நான் பார்க்கவில்லை. விழுங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

தவறை எழுதி முடித்துத் தேன்மொழி ஒருதரம் படித்துப் பார்த்தாள். 'சிறு' என்று போட்டது சரிதானா என்று ஒரு யோசனை வந்தது. அவள் சுபாவம் அப்படி. நாலு வரி எழுதினால் ஐந்து இடத்தில் சந்தேகம் வரும்.

பாளையங்கோட்டையில் எலும்பு, மூட்டு அறுவைக்கென்றே இருக்கிற ஓர் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள், பகல் வேலை முடிந்தபின், மாலை நாலு மணிக்கு அங்கேயே மாடியில் ஒரு வகுப்பு: அறுவைக்குப் பின் வரும் வலியை எப்படிக் கவனிப்பது என்று. நடத்துகிறவர் மயக்க மருந்து டாக்டர் வேணி. வகுப்புக்கு வருகிற ஒன்பது பேரும் தினமும் நோட்டு எழுத வேண்டும், அன்று செய்த ஒரு தவறில் தொடங்கி, மறுநாள் செய்ய வேண்டிய வேலையில் முடிக்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. மற்ற எட்டுப் பேருக்கும் தவறு கிடைப்பதுதான் கஷ்டம். தேன்மொழிக்கு எதை விடுவது என்பதுதான் கஷ்டம்.

கொம்பையா சீவலப்பேரிக்காரர். அறுபது வயது. நாற்பத்தைந்து வருஷம் நெல் வயலில் நின்று தேய்ந்துபோன வலது முழங்காலை எடுத்துவிட்டு, சனிக்கிழமைதான் புது மூட்டு வைத்திருந்தார்கள். இரண்டு நாள் ஊசியில் போன வலி மருந்து திங்கள் காலை மாத்திரையாக மாறியது. நாலு வேளை பாராசிட்டமால். அதோடு மூன்று வேளை, பச்சையும் மஞ்சளுமாக ஒரு டிரமடால் கேப்சூல்.

திங்கட்கிழமை அவர் எது எது என்னது என்று விசாரித்தார். ஒரு நோயாளி இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று தேன்மொழிக்குச் சந்தோஷம். வெள்ளை மாத்திரை எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பது; கேப்சூல் அபின் வகையைச் சேர்ந்த வலுவான மருந்து, அளவோடு, சில நாளைக்கு மட்டும் கொடுப்பது; இதைப் போட்டால்தான் காலை மடக்கிப் பயிற்சி செய்ய முடியும் என்று ஒன்றுவிடாமல் விளக்கினாள். கொம்பையா இரண்டையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பவர்போல் பார்த்தார். அப்போ இதுதான் நல்ல மாத்திரை என்று சொல்லிக் கேப்சூலைத் தனியாக எடுத்துக்கொண்டார்.

மாத்திரை மட்டும் போதாது. புது மூட்டு மடங்கிப் பழக வேண்டும். தொண்ணூறு பாகை மடங்கினால்தான் நாற்காலியில் உட்கார்ந்து எழலாம், டவுன் பஸ்ஸில் படி ஏறலாம். அந்தப் பயிற்சிக்கு சுஹைல் வருவான். மேலப்பாளையத்துப் பையன், பிசியோதெரபிஸ்ட். கையில் பாகைமானியும் வாயில் கேலியுமாகத்தான் வார்டுக்குள் நுழைவான். அதே சனிக்கிழமை அறுவை செய்துகொண்ட மற்ற இருவரும் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். கொம்பையாவின் கால் செவ்வாயும் ஐம்பது, புதனும் ஐம்பது.

"அண்ணாச்சி, கொக்கிரகுளம் பாலம்கூட இம்புட்டு விறைப்பா கெடக்காது" என்றான் சுஹைல்.

"பாலம் மடங்குனா ஊரு தாங்குமாலே?" என்று கொம்பையா திருப்பிக் கேட்டார். பதில் சட்டென்று வந்தது. ஆனால் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. வலி பத்துக்கு எத்தனை என்று தேன்மொழி கேட்டபோது, படுத்திருந்தால் மூணு, இந்தப் பையன் தொட்டால் எட்டு என்றார்.

புதன் காலை ரவுண்டில் டாக்டர் வேணி அந்த எட்டைப் பார்த்தார். தாளைத் திருப்பினார். மூன்று வேளை கேப்சூலும் தவறாமல் போயிருந்தது. கட்டங்களில் கையெழுத்து வரிசையாக இருந்தது. முழு அளவும் போயும் எட்டு என்றால் அளவு போதவில்லை என்று அர்த்தம். நாளைக் காலை ரவுண்டிலும் இப்படியே இருந்தால் இரண்டு மடங்காக்கிவிடலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

அன்று மாலை வகுப்பில் பாடம் மலச்சிக்கல். டாக்டர் பலகையில் அந்தச் சொல்லை எழுதியதுமே பின் வரிசையில் சிரிப்பு. அவர் கண்டுகொள்ளவில்லை. அபின் வகை மருந்து மூளைக்குப் போகும் வலிச் செய்தியைக் குறைக்கிறது, கூடவே குடலையும் உறங்க வைக்கிறது. தூக்கக் கலக்கமும் குமட்டலும் சில நாளில் உடம்புக்குப் பழகிவிடும், குடல் மட்டும் லேசில் பழகாது என்றார். அதனால் கேப்சூல் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். வலியை முற்றிலும் இல்லாமல் ஆக்குவது நம் வேலை இல்லை, அவர் இருமவும் நடக்கவும் தூங்கவும் முடிந்தால் அதுவே போதுமான அளவு என்றும் சொன்னார். தேன்மொழி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டே வந்தவளின் பேனா ஒரு இடத்தில் நின்றது.

ஏழாம் படுக்கைக்காரர் மலமிளக்கியே வேண்டாம் என்றுவிட்டார். காலை ஆறு மணிக்கு மணி அடித்ததுபோல் ஆகிவிடுகிறது என்று வார்டு முழுக்கப் பெருமையடித்துக்கொண்டிருக்கிறார். பகலில் ஒரு கண்ணயர்வு இல்லை. குமட்டல் இல்லை. மூன்று நாளாக.

நோட்டின் ஓரத்தில் அவள் காரணங்களை வரிசை போட்டாள். ஒன்று: நான் படுக்கை மாற்றிக் கட்டத்தில் எழுதியிருக்கலாம். இரண்டு: சில உடம்பு அப்படி இருக்கலாம். மூன்று என்று போட்டுவிட்டு எழுதாமல் நிறுத்தினாள். அந்த மூன்றாவதில் அவள் கையெழுத்து இருந்தது. அது உண்மையாக இருந்தால், நாளைக் காலை ரவுண்டுக்குள் யாராவது சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், உள்ளே போகாத மருந்துக்காக ஒரு மனிதருக்கு அளவு இரட்டிப்பாகும்.

ஐந்தரைக்கு வகுப்பு முடிந்ததும் வார்டுக்குப் போனாள். பார்வையாளர் நேரம். ஏழாம் படுக்கையருகே கொம்பையாவின் மனைவி சுடலைவடிவு, சீவலப்பேரியிலிருந்து பஸ் பிடித்து வந்த களைப்போடு, இடது முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்த ரசஞ்சோறு காலியாகிவிட்டது. அதைப் பைக்குள் வைக்கும்போது கொம்பையா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பல்பொடி டப்பாவை எடுத்து நீட்டினார்.

"இதையும் வீட்டுக்குக் கொண்டு போயிரு."

"நாளைக்குப் பல்லு விளக்க வேண்டாமாக்கும்?" என்று சுடலைவடிவு டப்பாவை வாங்கினாள். டப்பா கலகல என்றது.

பல்பொடி கலகலக்காது. அது தேன்மொழிக்குத் தெரியும், சுடலைவடிவுக்கும் தெரியும். அவளே மூடியைத் திருகிக் கவிழ்த்தாள். போர்வை மேல் பச்சையும் மஞ்சளுமாக ஆறு கேப்சூல் உருண்டன. கேட்டால், தனக்கு வெட்டித் தைத்தாகிவிட்டது, இனி வலி தன்னால் போய்விடும் என்றார் கொம்பையா. அவளுக்குத்தான் இன்னும் வெட்டவே இல்லையே. அவளுக்கும் முழங்கால் அதே வலிதானே வலிக்கிறது. அவர்கள் தெருவில் யார் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாலும் மாத்திரை தெருவுக்குப் பொது. இருமல் மாத்திரை ஒரு வீட்டில் இருக்கும், வயிற்று வலி மாத்திரை இன்னொரு வீட்டில் இருக்கும். இவ்வளவு நல்ல மாத்திரையை ஒருத்தரே தின்று தீர்ப்பது என்ன நியாயம்? பாராசிட்டமாலை மட்டும் ஒழுங்காக விழுங்கினாராம். அது ஊரிலேயே கிடைக்கும்.

தேன்மொழி ஆறையும் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். திங்கள், செவ்வாய், புதன். தினம் காலையும் மதியமும். ஆறும் அவள் வேளை. இரவு வேளையில் ஒன்றுகூட இல்லை.

"ராத்திரி சாலோமி சிஸ்டர் கைய விரிம்பா, வாயத் தொறம்பா, நாக்கைத் தூக்கும்பா" என்றார் கொம்பையா. "நீ நல்ல பிள்ள தாயி. நம்பிருதே."

அதைவிடப் பெரிய வசவு வேறு ஏதும் அவளுக்குக் கிடைத்திருக்காது. முகம் சூடேறியது. ஆனால் அதற்கு இப்போது நேரம் இல்லை. சுடலைவடிவிடம் என்னென்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று கேட்டாள். மழைக்காலத்தில் மூச்சிழுப்பு வரும், அதற்கு உறிஞ்சுகிற மருந்து. உறக்கம் வராததற்குப் பெரியாஸ்பத்திரியில் கொடுத்த ஒரு சின்ன மாத்திரை, தினம் ராத்திரி.

தேன்மொழி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, இது மூச்சையும் கொஞ்சம் குறைக்கும். உங்களுக்குக் குடுக்கும்போது நாங்க மூச்சை எண்ணிப் பாத்துக்கிட்டே இருக்கோம். இழுப்பு உள்ளவங்க, உறக்க மாத்திரையோட சேத்து இதைப் போட்டா, உறக்கத்துலயே மூச்சு நின்னாலும் நின்னுரும். வீட்டுல எண்ணிப் பாக்க யாரு இருக்கா?"

கொம்பையா போர்வை மேல் கிடந்த கேப்சூல்களைப் பார்த்தார். பிறகு புறங்கையால் அவற்றைத் தேன்மொழி பக்கம் தள்ளினார், தேளைத் தள்ளுவதுபோல்.

சுடலைவடிவுதான் முதலில் வாயைத் திறந்தாள். "நான் கேட்டேனா? முழங்கால் வலிக்குன்னா வலிக்குன்னு சொன்னேன். மாத்திரை திருடிக் குடுங்கன்னா சொன்னேன்?"

"ஏளா, திருடல. என் பங்கு."

"உங்க பங்கை நீங்க முழுங்குங்க. நீங்க காலை மடக்கி பஸ்ஸுல ஏறுனாத்தான என்னைய இங்கன கூட்டிட்டு வர முடியும்?" திட்டிக்கொண்டே முந்தானையால் அவர் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டாள். எட்டாம் படுக்கைக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தார்.

டாக்டர் வேணி மாடியில் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏறிப் போகிற இருபத்திரண்டு படியிலும் தேன்மொழி எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்தாள். மேலே போனதும் எல்லாம் மறந்துபோய், கேப்சூல் ஆறையும் மேசைமேல் வைத்து, ஆறும் என் கையெழுத்து மேடம் என்று மட்டும் சொன்னாள். மீதியை டாக்டர் கேள்வி கேட்டு வாங்கிக்கொண்டார். வகுப்பை விட்டு நிறுத்திவிடுவார், வேலையே போனாலும் போகும் என்று அவள் நினைத்திருந்தாள். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து கேப்சூல்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"நாளைக்கு டபுள் பண்ணியிருந்தா, ராத்திரி சாலோமி விடாம முழுங்க வச்சிருப்பாங்க. அதை யோசிச்சியா?"

"அதை யோசிச்சுத்தான் வந்தேன், மேடம்."

"சரி. எப்படிச் சந்தேகம் வந்தது?"

தேன்மொழி தயங்கினாள். "அவருக்குக் காலையில சரியா ஆயிருது மேடம்."

டாக்டர் வேணி சிரித்துவிட்டார். பாடம் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஒருத்தியாவது பயன்படுத்தினாளே என்று சொல்லிவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்தி, செய்ய வேண்டியதைச் சொன்னார். தாளில் எதையும் அழிக்கக் கூடாது. ஆறு கட்டத்திலும் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, 'விழுங்கவில்லை' என்று எழுதி, நேரமும் கையெழுத்தும் போட வேண்டும். நடந்ததைத் தனித்தாளில் எழுதித் தலைமை நர்ஸிடம் கொடுக்க வேண்டும். கேப்சூல் ஆறும் இரண்டு பேர் கையெழுத்தோடு மருந்தகத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். அளவு கூடாது, பழைய அளவே. காலை வேளையைப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுத்து, என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

வியாழன் காலை எட்டுக்குத் தேன்மொழி தண்ணீரோடு நின்றாள். கொம்பையா கேப்சூலை வாயில் போட்டு, விழுங்கி, கேட்காமலே இரண்டு கையையும் விரித்து, வாயைத் திறந்து, நாக்கையும் தூக்கிக் காட்டினார். பிறகுதான் அவள் பேனாவை எடுத்தாள். ஒன்பது மணிக்கு சுஹைல் மெல்லக் காலைப் பிடித்து மடக்கினான். ஐம்பது. அறுபது. கொம்பையா உதட்டைக் கடித்தார், காலை இழுக்கவில்லை. எழுபத்திரண்டில் போதும் என்றார். வலி எத்தனை என்றதற்கு, அஞ்சு இருக்கும், பரவாயில்லை, தாங்கலாம் என்றார்.

"பாலம் மடங்கிட்டு, ஊரு தாங்குதா அண்ணாச்சி?" என்றான் சுஹைல்.

"ஒழுங்கா அளந்து எழுதுலே. வடிவு வந்து கேப்பா."

மதியம் அவர் கொஞ்சம் கண்ணயர்ந்தார். மாலையில், வெட்கத்தோடு, அந்த மலமிளக்கியையும் குடு தாயி என்று கேட்டு வாங்கிக்கொண்டார். தேன்மொழி கட்டத்தில் அதையும் குறித்தாள்.

விடுதிக்கு வந்து நோட்டைத் திறந்தபோது செவ்வாய்க்கிழமைப் பக்கம் முதலில் கண்ணில் பட்டது. 'சிறு' என்ற சொல்லை அடித்துவிட நினைத்தாள். முந்தைய நாள் எழுதியதைத் திருத்தக் கூடாது என்பதும் வகுப்பு விதிதான். அப்படியே விட்டுவிட்டுப் புதுப் பக்கம் எடுத்தாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்.
இன்றைய தவறு: மலமிளக்கி கொடுத்த நேரத்தை 3.40 என்று எழுதினேன், கடிகாரத்தில் 3.45. திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏழாம் படுக்கை முழங்கால் காலையில் 72, மாலையில் 76. வலி 5.

நாளை: எட்டு மணிக்குக் கேப்சூல், விழுங்கிய பிறகு குறி. பதினொரு மணிக்குச் சுடலைவடிவு அம்மா வருவார். அவர் இடது முழங்காலைக் காட்ட வெளிநோயாளர் சீட்டு எடுக்க வேண்டும். அவருடைய மருந்துகளை எல்லாம் பையோடு கொண்டுவரச் சொல்லிக் காலை ஏழு மணிக்கே போன் செய்ய வேண்டும்.