பூவரசமரத்தடியில நின்ன ரிக்கு வண்டி

எங்க ஊட்டுக்காரரு தனபாலுக்கு அறிவு இருக்குதுன்னு யாராச்சும் சொன்னா, எனக்குச் சொன்ன ஆளு மேலயே சந்தேகம் வந்துரும். போர் போடற ரிக்கு வண்டி ஒண்ணு வெச்சிருக்கறாரு. அந்த மெதப்புல கால் தரையில நிக்கறதில்ல.

ஆடி மாசம் அறிவுமதின்னு ஒரு புள்ள வெண்ணந்தூருக்கு, எங்க தோட்டத்துக்கு வந்துச்சு. டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணுது. கடலோரத்து அணு உலையில இருந்து கதிரியக்கக் கார்பன் கொஞ்சம் காத்துல கலந்து இலையில ஏறுமாம். அங்க எவ்வளவு கூடன்னு தெரியணும்னா, உலையே இல்லாத ஊர்ல எவ்வளவு இருக்குதுன்னு பாக்கோணுமாம். அதுக்கு எங்க பூவரசமரத்துல ஒரு கெளைய மொட்டையடிச்சு உட்டுச்சு. "கார்த்திகைல வந்து புது எலை பறிச்சுக்கறேன்க்கா. டீசல் புகை மட்டும் படக்கூடாது. அதுல இந்தக் கார்பன் துளிகூட இல்ல, எலையில அளவு கொறஞ்சுரும்"னுச்சு. இவரும் மண்டைய மண்டைய ஆட்டுனாரு.

ஐப்பசி மழைக்கு ஆந்திராவுல இருந்து வண்டி திரும்புச்சு. களத்துல எடமா இல்ல? "படிச்ச புள்ள வருது, நம்ம வசதி தெரியட்டும்"னு மாலை போட்டு அந்த மரத்தடியிலயே நிறுத்துனாரு. தெனமும் காத்தால ரெண்டு மணி நேரம் எஞ்சின் ஓடும். வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டாத்தான் மரியாதையாம்.

அந்தப் புள்ள வர்றதுக்கு மொத நாளு வண்டி வேலைக்குப் போயிருச்சு. இவரோட வசதி தெரியாமயே போச்சு.

அறிவுமதி எலை பறிச்சுப் பையில போட்டுச்சு. வெரலெல்லாம் கரி. "அண்ணா, இங்க வண்டி எதாச்சும் நின்னுதுங்களா?"

"சைக்கிள்கூட நிக்கலீங்க"ன்னாரு, துளி கூசாம.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "நாப்பது நாளு எங்க ரிக்கு வண்டி நின்னுது சாமி"ன்னேன்.

பறிச்சதையெல்லாம் மண்ணுல கொட்டிருச்சு. "இத அளந்தா இங்க கம்மியாக் காட்டும். உலை கக்கறது நெசத்த விட அதிகமாத் தெரியும்க்கா."

அதக் கேட்டு எங்க ஊட்டுக்காரரு பூரிச்சுப் போயிட்டாரு. நம்ம வண்டிப் பொகைக்கு அத்தன சக்தியான்னு மீசையத் தடவிக்கிட்டாரு. "அடுத்த வருசம் களத்துல நிறுத்திக்கறேன், வா சாமி."

"எனக்குக் குடுத்த காலம் இந்த மாசத்தோட முடியுதுங்கண்ணா."

அந்த நாப்பது நாளும், பொகை படக்கூடாதுன்னு அது ஆடியில சொன்னது எனக்கு நெனப்புல இருந்துச்சு. புருசன எதுத்துப் பேசுனா சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்களோன்னு வாய மூடிக்கிட்டு, டிரைவருக்கு டீ போட்டுக் குடுத்துட்டு இருந்தவ நானு. கெளம்பறப்ப அந்தப் புள்ள, "நீங்களாச்சும் நெசத்தச் சொன்னீங்களே அக்கா"ன்னு என்னையக் கும்பிட்டுட்டுப் போச்சு.